ராணிப்பேட்டைல இருக்கற போர்டோட கார்ட வேலூர்ல உக்காந்துகினே ட்ரேஸ் பண்றது எப்படி

ராணிப்பேட்டை சிப்காட், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் ஃபேக்டரிங்கள்ல கழிவுத்தண்ணி அளக்கற டேட்டா லாகர் பாக்ஸ் (உள்ள லினக்ஸ் ஓடற சின்ன போர்டு இருக்கும்) வெச்சி பாத்துகினு இருக்கறவங்களுக்கு இந்த ஃபோன் கால் பழக்கமானதுதான். "சார், பாக்ஸ் பூட் ஆகல, கார்டு போயிடுச்சு போல"ன்னு சொல்லுவாங்க. உடனே ஒருத்தர் பைக்க எடுத்துகினு போய் புது எஸ்டி கார்டு போட்டுட்டு வருவாரு, கொஞ்ச நாள் ஓடும், அப்பால மறுபடியும் அதே கால். மே மாசம் வேலூர் வெயில் 40 டிகிரிய தாண்டற ஊரு இது, அதனால எல்லாரும் சூட்டு மேல பழி போட்டுட்டு போயிடறாங்க. சூடும் ஃப்ளாஷ் மெமரிக்கு ஆகாதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா யாரு அந்த கார்டுல எழுதிகினே இருக்காங்க, எவ்ளோ எழுதறாங்க, எவ்ளோ சின்ன சின்னதா எழுதறாங்கன்னு பாக்காம கார்ட மட்டும் மாத்திகினே இருக்கறது எனக்கு சுத்தமா ஒத்துக்கல. அத பாக்கறதுக்கு லினக்ஸ்லயே வழி இருக்கு, அதுவும் ஸ்பாட்டுக்கு போகாம சத்துவாச்சாரிலயோ காட்பாடிலயோ உங்க டேபிள்ல உக்காந்துகினே பாக்கலாம்.

டூல் பேரு பிஎல்கேட்ரேஸ். ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதினது, 2006ல வந்த 2.6.17 கர்னல்லேர்ந்து (கர்னல்னா லினக்ஸோட மையப்பகுதி) இதோட கர்னல் பாகம் உள்ளயே இருக்கு. கமாண்டுங்கள வாயால சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதி இருக்கேன், டைப் பண்ணசொல்லோ எல்லாமே இங்கிலீஷ் சின்ன எழுத்து, பெரிய எழுத்து வர்ற எடத்துல தனியா சொல்றேன். இந்த பேர அடிக்கசொல்லோ பி எல் கே, அப்பறம் ட்ரேஸ், நடுவுல இடைவெளி கிடையாது.

முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சிக்கணும், இல்லன்னா ரிமோட்டா பண்றதோட அவசியமே புரியாது. கர்னல்ல பிளாக் லேயர்னு ஒன்னு இருக்கு, ஃபைல் சிஸ்டத்துக்கும் கார்டு டிரைவருக்கும் நடுவுல. ஒவ்வொரு ரீடும் ரைட்டும் அதுக்குள்ள நுழையசொல்லோ, க்யூல சேரசொல்லோ, டிரைவருக்கு போகசொல்லோ, முடிஞ்சி வரசொல்லோ கர்னல் ஒரு சின்ன குறிப்பு எழுதி ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித்தனியா இருக்கற ஒரு பஃபர்ல போடும். போர்டுல ஓடற பிஎல்கேட்ரேஸ் அந்த பஃபர காலி பண்ணி எங்கயாவது கொண்டுபோய் சேக்கும், அவ்ளோதான் அதோட வேலை. படிச்சி புரியற மாதிரி ஆக்கறது பிஎல்கேபார்ஸ்னு வேற டூல், அது உங்க பிசில ஓடினா போதும்.

இப்ப முக்கியமான விஷயம். அந்த "எங்கயாவது"ங்கறது அதே கார்டா இருக்கவே கூடாது. ஆப்ஷன் எதுவும் குடுக்காம ஓட்டினா நீங்க நிக்கற ஃபோல்டர்லயே ஃபைல் எழுத ஆரம்பிச்சிடும், போர்டுல அந்த ஃபோல்டர் கார்டு மேலதான இருக்கும். அந்த எழுத்தும் ஒரு ரைட்டு, அதுக்கும் குறிப்பு வரும், அந்த குறிப்ப எழுத இன்னொரு ரைட்டு. கிணத்துல எவ்ளோ தண்ணி இருக்குன்னு பாக்க தண்ணி ஊத்திகினே அளக்கற மாதிரி ஆயிடும். ரேம் டிஸ்க்ல, அதாவது டெம்ப்எஃப்எஸ்ல எழுதலாம்தான், ஆனா 256 எம்பி ரேம் இருக்கற போர்டுல அதுல எவ்ளோ நேரத்துக்கு எழுதுவீங்க. அதனால நெட்வொர்க் வழியா வெளிய அனுப்பிடறதுதான் சரியான முறை.

போர்டு ரெடியா இருக்கான்னு பாக்க, கர்னல்ல கான்ஃபிக்_பிஎல்கே_டெவ்_ஐஓ_ட்ரேஸ்ங்கறது (இது மொத்தமும் பெரிய எழுத்து) ஆன்ல இருக்கணும். /ப்ராக்/கான்ஃபிக்.ஜிஇஸட் இருந்தா இஸட்கேட்ல தொறந்து க்ரெப் பண்ணுங்க. இல்லன்னா மெனுகான்ஃபிக்ல கர்னல் ஹேக்கிங் உள்ள ட்ரேசர்ஸ்ல போய் பிளாக் ஐஓ ட்ரேசிங்க ஆன் பண்ணி புது கர்னல் போட்டாகணும். அப்பறம் கர்னலோட உள் விவரத்த ஃபோல்டரா காட்ற டீபக்எஃப்எஸ் மவுண்ட் ஆகி இருக்கணும்:

மவுண்ட் -டி டீபக்எஃப்எஸ் நன் /சிஸ்/கர்னல்/டீபக்

இங்க வர்ற டி டைப்புங்கறதுக்கான டி. கீழ ட்ரேஸ் கமாண்டுல வர்ற டி டிவைஸுக்கான டி, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. டூல போர்டுல ஏத்தறது, போர்டோட லினக்ஸ செஞ்சது பில்ட்ரூட்ன்னா மெனுல டிக் பண்ணா போதும், யாக்டோலயும் ரெசிபி இருக்கு, டெபியன் மாதிரின்னா ஆப்ட்ல இன்ஸ்டால் பண்ணிக்கலாம். பிசிலயும் அதே டூல் வேணும், ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே வெர்ஷனா வெச்சிக்கோங்க.

ஒரு எச்சரிக்கை, இத மொதல்லயே பாத்துடுங்க. உங்க போர்டுல எஸ்டி கார்டோ இஎம்எம்சியோ (போர்டுலயே ஒட்டின ஃப்ளாஷ் சிப்பு) யுஎஸ்பி டிரைவோ இருந்தா இதெல்லாம் பொருந்தும். வெறும் நேண்ட் சிப்பு மேல யுபிஐஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் போட்ட பழைய மாடல் போர்டுன்னா அது பிளாக் டிவைஸே கிடையாது, கர்னல்ல எம்டிடின்னு வேற வழியா போறது, அதோட ரைட்டு எதுவும் பிஎல்கேட்ரேஸ் கண்ணுக்கு தெரியாது.

இப்ப கனெக்ஷன். ஃபேக்டரில இருக்கற பாக்ஸு பெரும்பாலும் 4ஜி சிம் போட்ட ரவுட்டர் பின்னாடி இருக்கும், வெளியிலேர்ந்து நேரா உள்ள நுழைய முடியாது. அதனால போர்டே உங்க சர்வருக்கு வயர்கார்டு மாதிரி ஒரு விபிஎன்ல வந்து சேர்ற மாதிரி மொதல்லயே செட் பண்ணி வெச்சிடுங்க. கீழ உதாரணத்துல போர்டு 10.8.0.5, என் பிசி 10.8.0.2ன்னு வெச்சிக்கலாம்.

சின்னதா ஒரு நிமிஷம் பாக்கணும்னா எஸ்எஸ்ஹெச் (ரிமோட்டா போர்டுல கமாண்டு ஓட்டற வழி) பைப்பே போதும். பிசிலேர்ந்து:

எஸ்எஸ்ஹெச் ரூட்@10.8.0.5 "பிஎல்கேட்ரேஸ் -டி /டெவ்/எம்எம்சிபிஎல்கே0 -டபிள்யூ 60 -ஓ -" | பிஎல்கேபார்ஸ் -ஐ -

ஓ பக்கத்துல வெறும் ஹைபன் போட்டா ஃபைலுக்கு பதிலா வெளிய கொட்டும்னு அர்த்தம், அது எஸ்எஸ்ஹெச் வழியா உங்க பிசிக்கு வந்து அங்க பார்ஸ் ஆகும். எஸ்எஸ்ஹெச்க்கு டெர்மினல் கேக்கற ஆப்ஷன போட்றாதீங்க, வர்றது பைனரி டேட்டா, டெர்மினல் நடுவுல பூந்தா பைட்டு மாறி மொத்தமும் கெட்டுடும். டபிள்யூ 60ங்கறது 60 செகண்டுல தானா நின்னுடு, இத எப்பவுமே போடுங்க. ஏன்னா சிம் நெட்டு நடுவுல கட் ஆச்சுன்னா போர்டு பக்கம் ட்ரேஸ் தொங்கிகினு இருக்கும், அடுத்த தடவ ஓட்டசொல்லோ டிவைஸ் பிஸின்னு எர்ரர் வரும். அப்படி வந்தா பயப்படாதீங்க, போர்டுல இத அடிச்சா பழைய ட்ரேஸ் செத்துடும்:

பிஎல்கேட்ரேஸ் -டி /டெவ்/எம்எம்சிபிஎல்கே0 -கே

எஸ்எஸ்ஹெச்சுக்கு என்க்ரிப்ஷன் செலவு இருக்கு, சின்ன ஏஆர்எம் போர்டுல அது சிபியுவ நல்லா தின்னும், நாம அளக்கற டைமிங்கும் கொஞ்சம் மாறும். ரொம்ப நேரம் எடுக்கணும்னா பிஎல்கேட்ரேஸ்லயே இருக்கற சர்வர் முறைதான் எனக்கு பிடிச்சது. பிசில ஒரு காலி ஃபோல்டர்ல நின்னுகினு:

பிஎல்கேட்ரேஸ் -எல்

இது காது குடுத்து கேட்டுகினு இருக்கும். அப்பால போர்டுல:

பிஎல்கேட்ரேஸ் -டி /டெவ்/எம்எம்சிபிஎல்கே0 -ஹெச் 10.8.0.2 -டபிள்யூ 300

அவ்ளோதான், அஞ்சு நிமிஷ ட்ரேஸ் உங்க பிசில வந்து சேரும், போர்டோட ஐபியும் நேரமும் பேரா இருக்கற ஒரு ஃபோல்டர் தானா உருவாகி அதுக்குள்ள சிபியுவுக்கு ஒரு ஃபைல்னு இருக்கும். போர்ட் நம்பர் 8462, டிசிபி, பிசி ஃபயர்வால்ல அத விபிஎன் பக்கத்துக்கு மட்டும் தொறந்து விடுங்க. இதுல பாஸ்வேர்டும் கிடையாது என்க்ரிப்ஷனும் கிடையாது, இன்டர்நெட்டுக்கு நேரா தொறந்து வெக்கறது வேணவே வேணாம். விபிஎன்ல என்க்ரிப்ஷன் இருக்கேன்னா ஆமா இருக்கு, ஆனா வயர்கார்டு எஸ்எஸ்ஹெச் பைப்பவிட சின்ன போர்டுக்கு லேசா இருக்கு, அதோட விபிஎன் எப்படியும் ஓடிகினுதான் இருக்கு.

சிம் நெட்டு தாங்குமான்னு கேப்பீங்க. கணக்கு போட்டு பாத்துடலாம். ஒரு குறிப்போட தலைப்பகுதி 48 பைட்டு. ஒரு ரைட்டுக்கு உள்ள நுழையறதுலேர்ந்து முடியற வரைக்கும் ஆறு குறிப்பு வருதுன்னு வெச்சாலும் சுமார் 300 பைட்டு. செகண்டுக்கு 100 ரைட்டு நடந்தா 30 கேபி. சுமாரான சிக்னல்லயும் ஓடிடும். ஆனா ராணிப்பேட்டைல ஷெட்டுக்குள்ள தகரத்துக்கு நடுவுல இருக்கற பாக்ஸுக்கு சில நேரம் அதுவும் கெடைக்காது, அப்ப பஃபர் ரொம்பி குறிப்புங்க கீழ சிந்தும். கடைசில ட்ராப்டு ஈவெண்ட்ஸ்னு ஒரு எண் வரும், அத கண்டிப்பா பாருங்க. அது பூஜ்யம் இல்லன்னா அந்த ட்ரேஸ வெச்சி எந்த முடிவுக்கும் வராதீங்க. சரி பண்ண ரெண்டு வழி. ஒன்னு பஃபர பெருசாக்கறது, சாதாரணமா 512 கேபில நாலு, -பி 1024 -என் 8ன்னு குடுத்தா ஒரு சிபியுவுக்கு 8 எம்பி, நாலு கோர் போர்டுன்னா 32 எம்பி ரேம் போகும், இருக்கான்னு பாத்துட்டு குடுங்க. இன்னொன்னு வேணுங்கறத மட்டும் எடுக்கறது, -ஏ க்யூன்னு முழு வார்த்தைய குடுத்தா உள்ள நுழைஞ்சி க்யூல சேர்ற வரைக்குமான குறிப்புங்க மட்டும் வரும், -ஏ இஷ்யூ -ஏ கம்ப்ளீட்ன்னா கார்டுக்கு போனதும் முடிஞ்சதும் மட்டும்.

இப்ப படிக்கறது, இதுதான் ருசியான இடம். பிசில அந்த ஃபோல்டருக்குள்ள போய் பிஎல்கேபார்ஸ் -ஐ எம்எம்சிபிஎல்கே0ன்னு அடிச்சா வரி வரியா ஓடும். ஒரு வரி இப்படி இருக்கும்:

179,0 0 1024 12.004518320 611 க்யூ டபிள்யூஎஸ் 1851392 + 8 [லாகர்]

179,0 டிவைஸ் நம்பர், எம்எம்சி எல்லாத்துக்கும் 179தான். அடுத்தது சிபியு, வரிசை எண், ட்ரேஸ் ஆரம்பிச்சதுலேர்ந்து எத்தன செகண்டு, ப்ராசஸ் ஐடி. க்யூன்னா ரிக்வெஸ்ட் உள்ள நுழைஞ்சது, ஜின்னா அதுக்கு இடம் குடுத்தாச்சு, எம்ன்னா இருக்கற ரிக்வெஸ்டோட சேத்தாச்சு, டின்னா டிரைவருக்கு போயாச்சு, சின்னா முடிஞ்சிடுச்சு. டபிள்யூ ரைட்டு, கூட வர்ற எஸ் சிங்க், அதாவது யாரோ முடியற வரைக்கும் காத்துகினு இருக்காங்க. இந்த டபிள்யூஎஸ் இருக்கற எடத்துல எம் வந்தா ஃபைல் சிஸ்டத்தோட சொந்த கணக்கு, மொத எழுத்தா எஃப் வந்தா ஃப்ளஷ், கார்டு உள்ள இருக்கற கேஷையும் காலி பண்ணுன்னு கட்டாயப்படுத்தறது. கடைசில 1851392ங்கறது செக்டர், + 8ன்னா எட்டு செக்டர், ஒன்னு 512 பைட்டு, ஆக 4 கேபி.

யாரு எழுதறாங்கன்னு கண்டுபிடிக்க க்யூ வரிய மட்டும் நம்புங்க, டி, சி வரில இருக்கற பேர் அந்த நேரத்துல சிபியுல யாரு இருந்தாங்களோ அவங்க பேரு, அவங்க அப்பாவியா கூட இருக்கலாம். க்யூ வரிலயும் ஒரு சிக்கல் இருக்கு. உங்க புரோகிராம் சாதாரணமா ரைட் பண்ணிட்டு போயிட்டா டேட்டா ரேம்ல உக்காந்து இருக்கும், கொஞ்ச நேரம் கழிச்சி கர்னல்தான் அத கார்டுக்கு தள்ளும், அப்ப பேரு கேவொர்க்கர்னு வரும். எஃப்சிங்க் (ரேம்ல இருக்கறத இப்பவே கார்டுக்கு எழுதுன்னு கேக்கறது) கூப்புட்ற மாதிரி புரோகிராமுங்கதான் சொந்த பேர்ல மாட்டும். கேவொர்க்கர் பேர்லயே நெறைய போகுதுன்னா /ப்ராக் உள்ள ஒவ்வொரு ப்ராசஸோட ஐஓ ஃபைல்ல ரைட்_பைட்ஸ்னு ஒரு எண் இருக்கும், ட்ரேஸுக்கு முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ எடுத்து கழிச்சி பாத்தா தெரிஞ்சிடும்.

எந்த ஃபைல்னு கண்டுபிடிக்கணுமா, அதுவும் முடியும். பார்ட்டிஷன் எந்த செக்டர்ல ஆரம்பிக்குதுன்னு /சிஸ்/பிளாக்/எம்எம்சிபிஎல்கே0/எம்எம்சிபிஎல்கே0பி2/ஸ்டார்ட்ல இருக்கும். 532480ன்னு வெச்சிக்கோங்க. 1851392லேர்ந்து அத கழிச்சா 1318912, ஈஎக்ஸ்டி4 பிளாக் 4 கேபின்னா எட்டால வகுத்தா 164864. இப்ப போர்டுல:

டீபக்எஃப்எஸ் -ஆர் "ஐசெக் 164864" /டெவ்/எம்எம்சிபிஎல்கே0பி2

இதுல ஆர் மட்டும் பெரிய எழுத்து. இது ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸ்ல வர்ற டூலு, மேல மவுண்ட் பண்ணதுக்கும் இதுக்கும் பேர் மட்டும்தான் ஒன்னு. ஐநோட் நம்பர, அதாவது ஃபைல் சிஸ்டம் அந்த ஃபைலுக்கு வெச்ச எண்ண குடுக்கும், அத என்செக்ல போட்டா ஃபைலோட முழு பாதையும் வந்துடும். ஐநோட் 8ன்னு வந்தா அது ஃபைல் சிஸ்டத்தோட ஜர்னல், அதாவது மாத்தப்போறத முன்கூட்டியே எழுதி வெக்கற குறிப்பேடு.

நம்ம பக்கத்து லாகருங்கள்ல அடிக்கடி தெரியற படம் ஒன்னு இருக்கு. ஃப்ளோ மீட்டர், பிஹெச் மீட்டர்லேர்ந்து செகண்டுக்கு ஒரு ரீடிங், ஒவ்வொரு ரீடிங்குக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்ல ஒரு கமிட், அதாவது நிரந்தரமா ஒரு பதிவு. ரீடிங்கு என்னமோ சில பைட்டுதான். ஆனா கமிட்டுக்கு மொதல்ல ரோல்பேக் ஜர்னல் ஃபைல், அதுக்கு சிங்க், அப்பறம் டேட்டாபேஸ் ஃபைல், அதுக்கு ஒரு சிங்க், அப்பறம் ஜர்னல் ஃபைல டெலீட் பண்றது, இது ஒவ்வொன்னுக்கும் கீழ ஈஎக்ஸ்டி4 ஜர்னல்லயும் எழுதணும், நடுநடுவுல ஃப்ளஷ். ட்ரேஸ்ல லாகர் பேரும் ஜேபிடி2 (ஈஎக்ஸ்டி4 ஜர்னல எழுதற கர்னல் ப்ராசஸ்) பேரும் மாறி மாறி + 8 + 8ன்னு ஓடிகினே இருக்கும். கார்டு உள்ள ஃப்ளாஷ அழிக்கறது பெரிய பெரிய பிளாக்காதான், அதனால இந்த குட்டி ரைட்டுங்க உள்ள இன்னும் பெருசாகி கார்டோட ஆயுச குடிக்குது.

மொத்தம் எவ்ளோன்னு பிஎல்கேபார்ஸ் கடைசில சம்மரி போடும். அஞ்சு நிமிஷத்துக்கு 30 எம்பி ரைட்டுன்னு வந்தா ஒரு நாளுக்கு 288 மடங்கு, 8640 எம்பி. இஎம்எம்சி 5.0 இல்ல அதுக்கு மேலன்னா /சிஸ்/பிளாக்/எம்எம்சிபிஎல்கே0/டிவைஸ்/லைஃப்_டைம்ல எவ்ளோ தேஞ்சிருக்குன்னு சிப்பே சொல்லும், 0எக்ஸ்01ன்னா 10 சதவீதத்துக்குள்ள, ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து பத்தா ஏறும். சாதா எஸ்டி கார்டுல இந்த வசதி இல்ல.

கார்டே மெதுவாயிடுச்சான்னு பாக்க பிடிடின்னு ஒரு டூல் கூடவே வருது. பிஎல்கேபார்ஸ்க்கு -டி போட்டு ஒரு .பின் ஃபைலா சேத்துகினு அத பிடிடிக்கு -ஐ போட்டு குடுங்க. டி2சின்னு ஒரு வரி வரும், டிரைவருக்கு போனதுலேர்ந்து முடியற வரைக்கும், அது முழுக்க கார்டு எடுத்துக்கற நேரம். ஆவரேஜ மட்டும் பாக்காதீங்க, மேக்ஸிமத்த பாருங்க, ஆவரேஜ் சில மில்லி செகண்டுலயும் மேக்ஸிமம் அர செகண்டுக்கு மேலயும் இருந்தா கார்டு உள்ளுக்குள்ள இடம் ஒழிச்சிகினு இருக்கு, லாகர் நடுநடுவுல ரீடிங்க விடறதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்.

போர்டுல பிஎல்கேட்ரேஸ் ஏத்தவே முடியல, கஸ்டமர் ஒத்துக்கலன்னா கர்னலோட ட்ரேஸ்எஃப்எஸ்ஸே இருக்கு. /சிஸ்/கர்னல்/ட்ரேசிங்/ஈவெண்ட்ஸ்/பிளாக்/பிளாக்_ஆர்க்யூ_இஷ்யூ/எனேபிள்ல 1 எழுதிட்டு, பிசிலேர்ந்து எஸ்எஸ்ஹெச்ல ட்ரேஸ்_பைப்ப கேட் பண்ணி பிசி ஃபைல்ல புடிச்சிக்கோங்க. டெக்ஸ்டா வரும், டேட்டா அதிகம், ஆனா எதையும் இன்ஸ்டால் பண்ண தேவை இல்ல. ஃபில்டர் போடணும்னா டெவ் நம்பர் 187695104, அதாவது 179ஐ 20 பிட்டு தள்ளினது.

ஃபேக்டரி காரங்ககிட்ட கேக்காம இத செய்யாதீங்க. கேக்கசொல்லோ ஒன்னு தெளிவா சொல்லலாம்: ட்ரேஸ்ல செக்டர் நம்பரும் நேரமும் ப்ராசஸ் பேரும்தான் வெளிய போகும், ஃபைல் உள்ள இருக்கற ரீடிங் எதுவும் போகாது.

காரணம் தெரிஞ்சப்பறம் சரி பண்றது பெரும்பாலும் சின்ன வேலைதான். எஸ்க்யூலைட்ட வால் மோடுக்கு (மாத்தறத மொதல்ல தனி லாக் ஃபைல்ல எழுதற முறை) மாத்தி சிங்க்ரனஸ நார்மல்ல வெச்சா ஒவ்வொரு கமிட்டுக்கும் சிங்க் போகாது, செக்பாயிண்ட்ல, அதாவது அந்த லாக்க டேட்டாபேஸ்ல சேக்கசொல்லோ மட்டும் போகும். கரண்டு போனா கடைசி சில ரீடிங் போகலாம், டேட்டாபேஸ் கெடாது. ரீடிங்குங்கள ஒரு நிமிஷத்துக்கு சேத்து ஒரே கமிட்டா போட்டா இன்னும் பெரிய வித்தியாசம், ஆனா மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு போற டேட்டாவா இருந்தா எவ்ளோ வரைக்கும் இழக்கலாம்னு மொதல்ல கஸ்டமர்கிட்ட பேசிடுங்க, பாக்ஸுல சின்ன பேட்டரி பேக்கப் இல்லாம அதுல கை வெக்கறது எனக்கு சம்மதம் இல்ல. ஜர்னல்டியோட சிஸ்டம் லாக்க ஸ்டோரேஜ்=வோலடைல்னு (ஸ்டோரேஜ்ல எஸ் பெரிய எழுத்து) ரேமுக்கு மாத்துங்க, மவுண்ட்ல நோஏடைம் (ஃபைல படிச்ச நேரத்த எழுதாத ஆப்ஷன்) போடுங்க. கமிட்=60ன்னு மவுண்ட் ஆப்ஷன் போட்டா எல்லாம் தீந்துடும்னு நெறைய பேரு நெனைக்கறாங்க, புரோகிராம் எஃப்சிங்க் கூப்புட்டா அந்த 60க்கு காத்திருக்காது, உடனே எழுதிடும், அதனால புரோகிராம சரி பண்ணாம அதுல பெருசா பலன் கெடைக்காது.

அப்பால மறுபடியும் அதே மாதிரி ஒரு ட்ரேஸ், அதே 300 செகண்டு, ஃபேக்டரி ஓடற அதே ஷிஃப்ட் நேரத்துல. ரெண்டு சம்மரியையும் பக்கத்துல வெச்சி ரைட்டு எண்ணிக்கையும் கேபியும் எவ்ளோ குறைஞ்சிருக்குன்னு பாருங்க, கர்னல் வெர்ஷன், மவுண்ட் ஆப்ஷன், கார்டு மாடல் மூணையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி ட்ரேஸ் ஃபோல்டருக்குள்ளயே போட்டு வெச்சிடுங்க. முடிஞ்சதும் பிசில 8462 போர்ட்ட மூடிட்டு, போர்டுல டீபக்எஃப்எஸ்ஸ அன்மவுண்ட் பண்ணிடுங்க.